நன்னியில் எங்கள் கால் பங்கு

1819, பெப்ருவரி 3

முன்பு இங்கே ஆண்ட ஒல்லாந்தர் விட்டுப்போன வெற்றுப் புத்தகம் ஒன்று, நான் வேலை பார்க்கும் அரசாங்கக் கச்சேரியில் அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. கறையான் ஓரத்தை மட்டும் ருசி பார்த்திருந்தது. எவரும் கேட்கவில்லை, எடுத்து வந்துவிட்டேன். இனி நாள்தோறும் நாலு வரி எழுதுவதாக உத்தேசம்.

எழுதுகிறவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் வைத்திலிங்கம். யாழ்ப்பாணக் கச்சேரியில் தமிழ் எழுத்துக்காரன். கையெழுத்து அழகு என்று இங்கிலீசுத் துரையே சொல்லியிருக்கிறார். வண்ணார்பண்ணையில் வீடு, கிணறு, பதினாறு தென்னை, ஒரு மனைவி. மனைவி பெயர் பொன்னாச்சி. சீதனமாக அவள் கொண்டுவந்தவற்றில் மிகவும் உருப்படியானது நன்னி என்கிற அடிமைப் பெண்ணில் கால் பங்கு. மற்றக் கால் பங்கு கொண்டாவிலில் இருக்கும் அவள் பெரியக்காவுக்கு. பாதி, நல்லூரில் இருக்கும் அண்ணர் கந்தப்பருக்கு. மாமனார் கண்ணை மூடுமுன் அப்படித்தான் ஓலை எழுதிவைத்தார்.

ஆகவே மாதத்தின் முதல் ஏழு நாள் நன்னி எங்களுக்கு. அடுத்த ஏழு நாள் பெரியக்காவுக்கு. பதினைந்தாம் தேதியிலிருந்து கடைசி வரை அண்ணருக்கு. எட்டு வயது மகள் தெய்வியும் கூடவே வருவாள், போவாள். அந்த ஏழு நாளும் எங்கள் வீட்டில் சாப்பாடு சாப்பாடாக இருக்கும்.

இன்று நண்டுக் கறி. இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டேன்.

பெப்ருவரி 5

கச்சேரியில் பெரிய வேலை வந்திருக்கிறது. துரைமார் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அதைத் தமிழில் பெயர்க்கும் பொறுப்பு என் தலையில். நான் எழுதியதை வாய்விட்டு வாசித்துப் பார்க்காமல் விடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பிழை காதுக்குத் தெரியும். மாலையில் முற்றத்தில் நாற்காலியைப் போட்டு வாசித்தேன்.

சட்டம் மூன்று விஷயம் சொல்கிறது. அடிமை வைத்திருக்கிற எல்லோரும் ஏப்ரல் முப்பதாம் தேதிக்குள் கச்சேரிப் புத்தகத்தில் அவர்களைப் பதிய வேண்டும். பங்குப் பங்காக வைத்திருப்பது இனி செல்லாது, ஓர் ஆள் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கவேண்டும், மற்றப் பங்காளிகள் சம்மதம் எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தத் தேதிக்குள் பதியப்படாத ஆள் எவருக்கும் அடிமை இல்லை.

நன்னி அந்தப் பக்கம் அரிசி இடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது விஷயத்துக்கு வந்தபோது உலக்கைச் சத்தம் நின்றது. என் வசனத்தின் ஓட்டம் அப்படி. நல்ல தமிழ் என்றால் வேலை செய்கிறவள் கையும் நின்றுவிடும் போலும்.

“நயினார், அந்தக் கடைசித் துண்டை இன்னொருக்கால் வாசிக்கிறியளோ? கேக்க நல்லாயிருக்கு” என்றாள்.

மூன்று முறை வாசித்துக் காட்டினேன். துரை கூட என் எழுத்தை இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

பெப்ருவரி 8

நன்னி பெரியக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பொன்னாச்சியின் குழம்பு.

பெப்ருவரி 21

ஞாயிறு. நல்லூரில் கந்தப்ப அண்ணர் வீட்டில் விருந்து. புகையிலை இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது, மனிதர் முகமெல்லாம் பல். மூத்த மகளுக்குப் பருத்தித்துறையில் மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்றாம். ஆனியில் கலியாணம். பெரியக்காவும் அவள் புருஷன் உடையாரும் வந்திருந்தார்கள்.

சாப்பிட்டு முடிய அண்ணர் விஷயத்துக்கு வந்தார். “தம்பி, உன்ர கச்சேரிச் சட்டம் வந்து நல்லதாப் போச்சு. நன்னியையும் பெட்டையையும் என்ர பேரில எழுதிப்போடுவம். தங்கச்சிமாருக்குப் பங்குக்குப் பத்துப் பத்துப் பனை தாறன். தெய்வியை மகளோட பருத்தித்துறைக்கு அனுப்பலாம். சின்னனில போனாத்தான் அந்த வீட்டு வேலை பழகும்.”

எல்லோருக்கும் சரி என்றே பட்டது. எனக்கும்தான். நன்னி அப்போது மோர் கொண்டுவந்து வைத்தாள். என் செம்பில் கொஞ்சம் தளும்பி வேட்டியில் கொட்டியது. கலியாணமாகி இந்தப் பதினொரு வருஷத்தில் அவள் சிந்தி நான் பார்த்ததில்லை. வெயில் காலம், கை வியர்த்திருக்கும்.

மார்ச் 1

பதிவு தொடங்கிவிட்டது. கச்சேரி வாசலில் திருவிழாக் கூட்டம். புத்தகத்துக்குக் கோடு போட்டவன் நானே. பெயர், வயது, பங்கு, பங்காளிகள் சம்மதம், உடையவர் பெயர் என்று ஐந்து கட்டம். பங்கைக் கூட்டி முழுசாக்கித்தான் ஒருவர் பெயரில் எழுதவேண்டும். அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் என் விரல் நுனியில்.

இன்று கைதடியிலிருந்து ஒரு கிழவனைக் கூட்டிவந்தார்கள். அவனுக்குப் பதினாறு பங்காளிகள். என் பக்கத்து மேசை பீத்தர், ஒல்லாந்தன் ஒருவனின் பேரன், வாய் சும்மா இராத ஆள். “பதினாறில ஒண்டு எண்டா எது வைத்திலிங்கம்? வலக்கைச் சுண்டு விரலோ?” என்றான். நான் வயிறு நோகச் சிரித்தேன்.

பிறகு கிழவனிடம் கேட்டேன், “அப்ப உனக்குச் சாப்பாடு ஆர் போடுறது?”

“பதினாறு பேரில ஒவ்வொருத்தரும் மற்றப் பதினைஞ்சு பேர் போடுவினம் எண்டு நினைக்கினம், நயினார்.”

சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். நாங்கள் நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டே நின்றான். எனக்கு அது பிடிக்கவில்லை. தலையைக் குனிந்து மை தொட்டேன்.

வீட்டில் நன்னி வந்திருந்தாள். பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற் கூழ். அதில் மனம் கொஞ்சம் தேறியது.

மார்ச் 4

பொன்னாச்சி பத்துப் பனைக்குச் சம்மதம். பெரியக்காவும் சம்மதமாம். வரும் ஞாயிறு அண்ணர் வீட்டில் கூடி ஓலை எழுதுவதாக ஏற்பாடு. நன்னியை முழுசாக விட்டுக்கொடுத்தால் நம் சாப்பாடு என்ன ஆவது என்று கேட்டேன். “என்ர கை என்ன வாடகைக் கையோ?” என்றாள் பொன்னாச்சி. 

மார்ச் 7

ஓலை எழுதவில்லை! காலையில் புறப்படுகிற நேரத்தில் எல்லாம் கவிழ்ந்துபோயிற்று. நன்னி பொன்னாச்சியின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். நான் சால்வை மடித்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

“நாச்சியார் குடுத்து வைச்சவ. ஆண்பனை எண்டாலும் பனைதானே. ஓலை வெட்டலாம்.”

“ஆண்பனையோ? ஆர் சொன்னது?”

“ஐயோ, எனக்கென்ன தெரியும்? பெரிய நாச்சியாருக்குக் கிணத்தடிப் பக்கம், காய்க்கிற மரமாம். உங்களுக்கு வேலியோரமாம். வேலியோரம் நிக்கிறதெல்லாம் ஆண்பனை எண்டு ஆரோ கதைச்சினம். நான் பிழையாக் கேட்டிருப்பன், நாச்சியார்.”

பொன்னாச்சி பாதி வாரிய தலையோடு எழுந்துவிட்டாள். பனம்பழம் இல்லாத, கிழங்கு இல்லாத மரத்தைத் தலையில் கட்டப் பார்க்கிறாரா அண்ணர்? யாழ்ப்பாணத்தில் ஒருத்தியை அடித்தால் கூட மன்னிப்பாள், பங்கில் ஏமாற்றினால் பேரப்பிள்ளைக்கும் சொல்லிவைத்துவிட்டுத்தான் சாவாள். “இஞ்சாருங்கோ, நான் வரேல்லை. போய்ச் சொல்லுங்கோ” என்றாள். நானும் போகவில்லை. நன்னியிடம்தான் சொல்லி அனுப்பினோம்.

மார்ச் 13

பெரியக்கா வீட்டிலிருந்து நன்னி செய்தி கொண்டுவந்தாள். பெரியக்காவுக்கும் கோபமாம். வயல் இருக்கிற வீட்டுக்கு எதற்குப் பனை என்று பொன்னாச்சி சொன்னாளாமே என்று கேட்டுவிட்டிருக்கிறாள். பொன்னாச்சி அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் கோபத்தில் என்னென்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. நல்ல பதிலாக ஒன்று சொல்லி நன்னியைத் திருப்பி அனுப்பினாள்.

மார்ச் 19

மூன்று வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கோயிலில் கண்டாலும் தூணைப் பார்க்கிறார்கள். ஆனால் செய்தி மட்டும் ஒருநாளும் நிற்பதில்லை, எல்லாம் நன்னி வாயால். மூன்று வீட்டுக்கும் இப்போது ஒரே நாக்கு அவள்தான். நடையும் கூடிப்போயிற்று, பாவம். ஆனாலும் இளைக்கவில்லை. முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது.

மார்ச் 24

அண்ணர் கச்சேரிக்கே வந்துவிட்டார். பீத்தர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தான்.

“வைத்திலிங்கம், உன்ர மனிசிக்கு வழக்குப் படிப்பிச்சது நீதானே? உடையார் எனக்கெதிரா மனு எழுதுவிக்கிறாராமே. நீ எழுதிக் குடுக்கிறியோ?”

“அண்ணை, சத்தியமா எனக்கு ஒண்டும் தெரியாது. ஆர் சொன்னது?”

“ஆரோ சொன்னவை. நான் கேட்டது பிழையோ?”

பிழை என்றேன். நம்பவில்லை. அவர் போன பிறகு நெடுநேரம் யோசித்தேன். ஆரோ சொன்னவை என்கிறார். பொன்னாச்சிக்கும் ஆரோதான் சொன்னது. அந்த ஆரோவுக்குக் கால் வலிக்காதா என்று ஒரு யோசனை வந்தது. அதற்குள் மத்தியானச் சாப்பாடு வந்துவிட்டது.

ஏப்ரல் 2

நன்னி எங்கள் வீட்டில். புட்டும் முட்டைப் பொரியலும். உலகம் அதன் இடத்தில் நிற்கிறது.

தெய்வி அடுப்படி வாசலில் ஒரு சிரட்டையில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். காலையில் ஒன்றை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டாள். “ஏன் பிள்ளை எறியிறாய்?” என்றேன். “அம்மா ஒரு நாளைக்கு ஒண்டு போடச் சொன்னவ” என்றாள். சிரட்டையைப் பார்த்தேன். இருபத்தெட்டு இருந்தது.

பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே எண்ணப் பழக்குவது நல்லது.

ஏப்ரல் 5

கச்சேரியில் இன்று நாற்பத்தொரு பெயர் எழுதினேன். பருத்தித்துறையிலிருந்து ஒருவர் ஐந்து சிறுபெண்களைப் பதிந்தார். எல்லாம் சீதனமாக வந்தவையாம். அவர் பின்னால் அந்தப் பெண்கள் ஒருத்தி சீலைத் தலைப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டேன். எவருக்கும் தெரியவில்லை. எட்டு என்று நானே எழுதினேன். ஏன் எட்டு என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 11

வருஷப் பிறப்பு. இதுவரை ஒவ்வொரு வருஷமும் மூன்று வீடும் நல்லூரில் ஒன்றாகச் சாப்பிடுவோம். இந்த முறை தனித்தனியாகப் பொங்கித் தனித்தனியாக வயிறு ஊதினோம். பொன்னாச்சி வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பத்துப் பனையை நினைத்து அழுதாளா, அண்ணரை நினைத்து அழுதாளா தெரியவில்லை.

பெரியக்கா வீட்டிலிருந்து நன்னி பலகாரம் கொண்டுவந்தாள். கோபம் இருந்தாலும் பலகாரம் நிற்காது, அதுதான் எங்கள் ஆட்கள். தெய்வி சிரட்டையோடு வந்திருந்தாள். நான் எண்ணினேன். பத்தொன்பது.

பிறகு சுவரில் தொங்கிய கச்சேரி நாட்காட்டியைப் பார்த்தேன். பிறகு நன்னியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பதினொரு வருஷத்தில் அவள் என் முகத்தை நேரே பார்த்தது இன்றுதான் என்று நினைக்கிறேன். கண்ணை எடுக்கவில்லை. பயந்திருந்தாள். தெய்வியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“பலகாரம் நல்லாயிருக்கு” என்றேன்.

“ஓம், நயினார்” என்றாள்.

பொன்னாச்சியிடம் சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பிள்ளை விளையாட்டு.

ஏப்ரல் 17

ஒன்றும் விசேஷம் இல்லை. முதல் மாம்பழம்.

ஏப்ரல் 26

பொன்னாச்சி இரவுச் சோற்றின்போது திடீரென்று, “தேதி முடியப்போகுதெல்லோ. அண்ணை என்ன முடிவு எண்டு நீங்களாவது போய்க் கேட்டா என்ன?” என்றாள்.

போயிருக்கலாம். நல்லூர் என்ன கடல் கடந்தா இருக்கிறது? எனக்கு இரண்டு நாளாக முழங்கால் வலி. சொன்னேன். “முந்தநாள் சந்தைக்கு நடந்து போனியளே” என்றாள். அதனால்தான் வலி என்றேன். நல்லெண்ணெய் சூடாக்கித் தந்தாள். தடவிக்கொண்டேன். தேய்க்கத் தேய்க்க, எந்த முழங்கால் என்று எனக்கே குழம்பிப்போயிற்று.

ஏப்ரல் 30

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

கடைசி நாள் என்பதால் விடியவே கச்சேரிக்குப் போனேன். என் மேசை ஜன்னலோரம். எதிரே தெருவுக்கு அந்தப் பக்கம் பெரிய புளியமரம். ஒன்பது மணி இருக்கும், அதன் கீழே ஒரு பெண்ணும் பிள்ளையும் வந்து உட்கார்ந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்க நன்னி மாதிரி இருந்தது. ஊரில் எத்தனையோ பெண்கள், எத்தனையோ பிள்ளைகள். வேலையைப் பார்த்தேன்.

பத்து மணிக்கும் இருந்தார்கள். பதினொரு மணிக்கு நிழல் நகர, அவர்களும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். மத்தியானம் சோற்றைப் பிரித்தபோது பார்த்தேன், பிள்ளை படுத்துக்கொண்டு சிரட்டையைத் தலையில் கவிழ்த்து விளையாடியது. சிரட்டையில் ஒன்றும் இல்லை. இருந்தால் விழுந்திருக்கும்.

பீத்தர், “உந்தப் பொம்பிளை விடியத் தொடக்கம் இருக்கு. ஆரையோ காத்து நிக்குது போல. கேக்கட்டோ?” என்றான்.

“வெயிலுக்கு இருக்குதாக்கும். நீ வேலையைப் பார்” என்றேன்.

நான் அவனிடம் அவ்வளவு சுள்ளென்று பேசுவதில்லை. பிறகு என் பங்கு வடையில் ஒன்றைக் கொடுத்தேன்.

மாலை ஐந்துக்குச் சேவகன் மணி அடித்தான். பதிவுக்கு வந்தவர்களை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினோம். நான் சால்வையைப் போட்டுக்கொண்டு இறங்கியபோது, அவள் மரத்தடியிலிருந்து எழுந்து தெருவைக் கடந்து வந்தாள். நன்னிதான். உதடெல்லாம் வெடித்திருந்தது. பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை போலிருக்கிறது.

முதலில் அவள் கேட்டது இதுதான். “புத்தகம் மூடியாச்சோ, நயினார்?”

“மூடியாச்சு” என்றேன்.

அவள் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள். பிறகு மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்து நீட்டினாள். “இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவை. குடுத்திட்டன்.”

வாசித்தேன். அண்ணரும் உடையாரும் நேற்று மாலை சமாதானமாகிவிட்டார்கள்! தேதி போய்விட்டால் எல்லோருக்கும் நட்டம் என்று யாரோ புத்தி சொல்லியிருக்கவேண்டும். கச்சேரிக்குப் பொன்னாச்சி பெயரில் நன்னியையும் தெய்வியையும் எழுதட்டும், நமக்குள் பழையபடி மூன்று பங்கு, தெய்வி ஆனியில் பருத்தித்துறைக்குப் போகட்டும் என்று இரண்டு பேரும் கையெழுத்து வைத்திருந்தார்கள். பொன்னாச்சியோடு பேச்சு இல்லாததால் நேரே எனக்கே அனுப்பியிருக்கிறார்கள். அனுப்புவதற்கு அவர்களுக்கு நன்னியை விட்டால் வேறு ஆள் ஏது? எல்லா ஓலையும் அவள் மடியில் தானே போகும், வரும். எவருக்கும் ஒரு நிமிஷம் கூட வேறு யோசனை வந்திராது. எனக்கும் வந்திராது.

“எப்ப தந்தவை?” என்றேன்.

“விடியப்புறம். ஓடிப்போய்க் குடு எண்டவை. தெய்விக்குக் கால் நொந்துது, நயினார். மெல்ல நடந்தம்.”

நல்லூரிலிருந்து கச்சேரிக்கு இரண்டு கட்டைதான், முக்கால் மணி நடை. தெய்வி அப்போது ஒற்றைக் காலில் கெந்திக் கெந்தித் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஓலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.  அவள் பிள்ளையைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். நல்லூர்ப் பக்கம் போகவில்லை, கொண்டாவில் பக்கமும் போகவில்லை. எந்தப் பக்கம் என்று நான் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

பிறகு ஒரு சின்ன வேலை நினைவு வந்து கச்சேரிக்குத் திரும்பிப் போனேன். புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி வெறுமையாக இருந்தது. துரை நாளைக் காலைதான் அடியில் கையெழுத்து வைப்பார். வெற்று வரி விட்டு வைப்பது எழுத்துக்காரனுக்கு அழகில்லை. அளவுகோலை வைத்து, கடைசிப் பெயருக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, அதன் கீழே எக்ஸ் மாதிரி குறுக்குக் கோடும் போட்டேன். மை காயும்வரை ஊதினேன்.

எங்கள் சாப்பாடு போயிற்று. வீட்டுக்கு நடக்கும்போது அதுதான் நினைவு. ஆனாலும் முழங்கால் வலிக்கவில்லை.

மே 1

நன்னி எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய நாள். வரவில்லை. அண்ணரும் உடையாரும் ஒரே வண்டியில் வந்தார்கள். நான் ஓலையைக் காட்டி, மணி அடித்த பிறகு வந்தது என்றேன். அண்ணர் குதித்தார்.

“நீ எழுத்துக்காரன்தானே? முந்தின நாள் தேதி போட்டு ரெண்டு பேர் எழுத ஏலாதோ?”

“துரை காலமை கையெழுத்து வைச்சிட்டார், அண்ணை. வெறும் வரியும் இல்லை.”

பொன்னாச்சி உள்ளேயிருந்து வந்து அண்ணரை உட்காரச் சொன்னாள். எட்டு வாரத்தில் முதல் பேச்சு. “வேலியோரத்து ஆண்பனையை எனக்குத் தரப் பாத்தனீங்களெல்லோ, நல்லா வேணும்” என்றாள்.

“எந்த ஆண்பனை? நான் மரம் எது எண்டு சொல்லவே இல்லையே!”

“நான் மனு எழுதுவிக்கிறன் எண்டு உமக்கு ஆர் சொன்னது, மச்சான்?” என்றார் உடையார்.

ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்கள். எல்லாம் ஒரே வாயிலிருந்து வந்தவை என்று தெரியக் கால் மணி நேரம் ஆயிற்று.  உடையார்தான் முதலில் சிரித்தார். அண்ணர் சிரிக்கவில்லை. போலீசுக்காரரை அனுப்பிப் பிடிப்பேன் என்றார். “என்ன எண்டு சொல்லிப் பிடிக்கிறது, அண்ணை? அவள் இப்ப ஆருடையவளும் இல்லையே” என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பொன்னாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மத்தியானம் எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். சோறு அடிப்பிடித்திருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

மே 2

பொன்னாச்சி காலையில் தலை வாரும்போது சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். “நானும் அவளும் ஒரு வயசு. அவளின்ர தாய்தான் எனக்கும் பால் தந்தவ. எனக்குச் சொல்லியிருந்தா நான் மாட்டன் எண்டிருப்பனோ?” என்றாள்.



சீப்பை வைத்துவிட்டு அவளே, “ஓம், மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பன்” என்றாள். அழுதாள். பிறகு தானே கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இழுத்தாள். நான் போய்க் கயிற்றை வாங்கினேன். அந்தக் கயிறு அவ்வளவு கனம் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

மே 10

திங்கள். பதிவில் இல்லாதவர்கள், தாங்கள் எவருக்கும் அடிமை இல்லை என்று கச்சேரிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று துரை உத்தரவு. அதற்கு ஒரு புதுப் புத்தகம். கோடு போட்டவன் நானே. பழைய புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து அதே கட்டங்களை அப்படியே போட்டுவிட்டேன் என்று எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயர் என்று ஒன்றைக் கூட்டியது மட்டும்தான் வித்தியாசம். பங்கு, சம்மதம், உடையவர் எல்லாம் அப்படியே நிற்கின்றன. இருநூறு பக்கம்! இனி அழிக்கவும் முடியாது.

பத்து மணிக்கு நன்னி வந்தாள். தெய்வியும்தான், சிரட்டையில் மாங்காய்த் துண்டும் உப்பும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு. பெரிய கடைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் இருக்கிறார்களாம். விடியப்புறம் புட்டு அவித்து விற்கிறாளாம். காலையில் அந்தப் பக்கமாக வாசம் வந்ததை நான் ஏற்கெனவே கவனித்திருந்தேன்.

பீத்தர் அவளை உட்காரச் சொல்லி வாங்குப் பலகையைக் காட்டினான். அவள் உட்காரவில்லை. மேசைக்கு முன்னால் நேரே வந்து நின்றாள்.

“பேர்?” என்றேன்.

“உங்களுக்குத் தெரியாதோ?”

“கேக்கவேணும்.”

“நன்னி.”

“தகப்பன் பேர்?”

“இளையவன்.”

பதினொரு வருஷம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். அந்தப் பெயரை இன்றுதான் முதல்முறை கேட்டேன். வெட்கமாக இருந்தது. குனிந்து எழுதினேன். வயது முப்பத்தொன்று, பொன்னாச்சியின் வயதுதான், அதைக் கேட்கவில்லை. பேனா அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. இரண்டு மாதம் நாளுக்கு நாற்பது பேரிடம் கேட்ட நாக்கு, தடுக்குமுன் கேட்டுவிட்டது.

“பங்கு?”

பீத்தர் நிமிர்ந்து பார்த்தான். எனக்குக் காது சுட்டது. வேண்டாம், அது பழைய கட்டம், விடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நன்னி மேசையில் கையை ஊன்றிக் குனிந்து, நான் எங்கே எழுதப்போகிறேன் என்று பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கட்டம் எது என்று தெரிந்திருந்தது.

“முழுசு” என்றாள்.

நயினார் என்று சொல்லவில்லை. நான் காத்திருந்து பார்த்தேன், வரவில்லை.

எழுதினேன். என் கையெழுத்து இதைவிட நன்றாக ஒருநாளும் வந்ததில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மை காய்ந்த பிறகு பிள்ளையை இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

“இவளுக்கும் அப்பிடித்தான் எழுதுங்கோ” என்றாள்.